லூசிங் மை ரிலிஜன்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸ் நகரைச் சேர்ந்த ஆர்.இ.எம். குழு 1991 பிப்ரவரியில் வெளியிட்ட ஆல்டர்நேட்டிவ் ராக் பாடல். மறுமாதம் வந்த ‘அவுட் ஆஃப் டைம்’ ஆல்பத்தின் முதல் சிங்கிள். மைக்கேல் ஸ்டைப், பீட்டர் பக், மைக் மில்ஸ், பில் பெர்ரி ஆகிய நால்வரும் 1980 முதல் கல்லூரி வானொலிகளின் ஆதரவில் வளர்ந்தவர்கள்.

மெட்டு பிறந்தது மாண்டலினில். கிதார் கலைஞரான பக் புதிதாக ஒரு மாண்டலின் வாங்கியிருந்தார். தொலைக்காட்சி பார்த்தபடியே அதைப் பழகினார். பழகுவதை டேப்பிலும் பதிவுசெய்தார். மறுநாள் போட்டுக் கேட்டபோது, தட்டுத்தடுமாறிய வாசிப்புக்கு நடுவே இந்த மெட்டு கிடந்தது. 1990 செப்டம்பரில், நியூயார்க் மாநிலத்தின் பியர்ஸ்வில் ஸ்டூடியோவில், ஸ்காட் லிட்டின் தயாரிப்பில் பாடல் பதிவானது. ஸ்டைப் ஒரே டேக்கில் பாடி முடித்தார். வயலின் முதலான நரம்பிசை பின்னர் அட்லாண்டாவில் சேர்க்கப்பட்டது.

‘என் மதத்தை இழக்கிறேன்’ என்று பொருள்படும் தலைப்பைப் பார்த்து இதை நாத்திகப் பாட்டு என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சில் அத்தொடர் பொறுமை இழந்து தன்னிலை மறப்பதைக் குறிக்கும். பாடுபொருள் ஒருதலைக் காதல் என்று ஸ்டைப்பே விளக்கியிருக்கிறார்.

குழப்பத்துக்கு வீடியோவும் ஒரு காரணம். அதை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். மழை பெய்யும் ஜன்னலோரம் பால் குடம் விழுந்து உடைவதில் தொடங்கி, கரவாஜியோ ஓவியங்களின் இருளும் ஒளியும், புனித செபஸ்தியாரும், இந்துக் கடவுளரும் காட்சிகளாக அணிவகுக்கின்றன. இறக்கை முளைத்த கிழவர் ஊருக்குள் வந்து விழும், எழுத்தாளர் மார்க்கேஸின் சிறுகதையும் அதற்குள் இருக்கிறது. வீடியோக்களில் வாயசைக்க மறுத்துவந்த ஸ்டைப் இதில் வாயசைத்தார்; கைகால்களை உதறி ஆடவும் செய்தார்.

பாடலில் எலெக்ட்ரிக் கிதாரின் ஆதிக்கம் இல்லை, வழக்கமான பல்லவியும் இல்லை. இதையா முதலில் விடுவது என்று அதை வெளியிட்ட வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தயங்கியதில் வியப்பில்லை. ஆனால் பாடல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறி, 21 வாரம் நீடித்தது. அப்பட்டியலில் குழு எட்டிய மிக உயர்ந்த இடம் அதுதான். மாடர்ன் ராக் பட்டியலில் 8 வாரம் முதலிடம். பிரிட்டனில் 19ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ஆல்பமோ இரு நாடுகளிலும் முதலிடம் பிடித்தது. இத்தனைக்கும் ஆல்பத்துக்காகக் குழு இசைப் பயணம் எதுவும் போகவில்லை. ஆல்டர்நேட்டிவ் அலையின் கதையை நிர்வானா குழுவிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அக்குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் வந்தது இப்பாடலுக்குப் பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில்தான்.

1991 எம்டிவி விழாவில் ஆண்டின் சிறந்த வீடியோ உட்பட 6 விருதுகளும், 1992இல் 2 கிராமி விருதுகளும் இப்பாடலுக்குக் கிடைத்தன. குழு 2011இல் கலைந்தது. 2024 ஜூனில், நியூயார்க்கில் பாடலாசிரியர் புகழரங்கில் சேர்க்கப்பட்டபோது நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் நின்று இப்பாடலை வாசித்தனர்.