பதிவேடு கேட்ட கேள்வி

பாரிஸில் சொந்தமாய்க் கடை போட நினைக்கும் எம்மவர் வாயில் முதலில் வருகிற சொல் ‘காபிஸ்’. ஒரு வியாபாரம் சட்டப்படி பிறந்துவிட்டது என்று வணிக நீதிமன்றத்தின் பதிவகம் தருகிற பத்திரம் அது. வியாபாரத்தின் அடையாள அட்டை என்பார்கள் பிரெஞ்சுக்காரர். அதைக் காட்டாமல் மொத்த வியாபாரி கணக்குத் திறக்கமாட்டான். கம்பனிக்கென்று போட்ட முதலை வங்கி விடாது. வருடக்கணக்காய் அடுத்தவன் குசினியில் வெங்காயம் வெட்டிக் கோப்பை கழுவுகிற நாங்கள் அந்த ஒற்றைத் தாளை வரம்போலத்தான் பார்க்கிறோம். ஆனால் அந்தத் தாளுக்கு ஒரு வரலாறு உண்டு. எங்களைப் போன்ற பிறத்தியாரைச் சுற்றியே அதில் பெரும்பகுதி எழுதப்பட்டிருக்கிறது.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. 1791 மார்ச்சில் வந்த சட்டம் பழைய தொழிற் குழுமங்களின் தனியுரிமைக்கு முடிவு கட்டியது. பொலிஸ் விதிகளுக்கு அடங்கி, ‘பத்தாந்த்’ என்ற வரியைக் கட்டினால் யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்றது. காசைக் கட்டு, கடையைத் திற. அவ்வளவுதான்.

‘நீ எந்த நாட்டான்?’ என்ற கேள்வி முதலாம் உலகப்போரோடு வந்தது. பலகையில் ஒரு பெயர். உள்ளே காசு எண்ணுபவன் வேறு ஆள். அவன் ஜேர்மன்காரனாய் இருந்தால்? இந்தப் பயம் போரிட்ட நாடுகளைப் பிடித்துக்கொண்டது. பிரான்ஸ் 1919 மார்ச் 18ஆம் திகதிச் சட்டத்தால் வணிகப் பதிவேட்டைத் தொடங்கியது. ஜேர்மனியிடமிருந்து மீண்ட அல்சாஸில் அப்படியொரு பதிவேடு முன்னரே இருந்தது. எதிரியைக் கண்டுபிடிக்க எதிரியின் ஏற்பாடே உதவிற்று!

லண்டன் இன்னும் முந்திக்கொண்டது. 1916 டிசெம்பரில் வந்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சட்டத்தின்படி, வேறொரு பெயரில் கடை நடத்துபவர் தன் சொந்தப் பெயரையும், முன்பு வேறு பெயர் இருந்தால் அதையும், நாட்டுரிமையையும், அது இடையில் பெற்றதென்றால் பூர்வீக நாட்டுரிமையையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வருடம் யூலையில் மன்னரே தமது ஜேர்மன் குடும்பப் பெயரைக் கழற்றிவிட்டு ‘வின்ட்சர்’ ஆனார். அவரை யாரும் படிவம் நிரப்பச் சொல்லவில்லை.

இச்சட்டத்தைத்தான் 1918இல் 6ஆம் இலக்க வியாபாரப் பெயர்க் கட்டளைச் சட்டமாக இலங்கையில் இறக்கினார்கள். யாழ்ப்பாணத்துச் சந்தியொன்றில் சைக்கிள் கடை போட்டுப் பிள்ளையார் பெயரையோ மகளின் பெயரையோ பலகையில் எழுதியவர், கிராம சேவகரின் கடிதத்தோடு கந்தோருக்கு அலைந்தது இதனால்தான். பிரித்தானியா 1982இல் தன் பதிவகத்தை மூடிவிட்டது. இலங்கையில் அது மாகாணங்களின் கைக்கு மாறியும் நிற்கவில்லை. லண்டனில் ஜேர்மன்காரனைத் தேடிய படிவத்தை எங்கள் அப்பாமார் வரிசையில் நின்று நிரப்பினார்கள்.

பிரான்சுக்குத் திரும்புவோம். முப்பதுகளில் வேலையில்லாத் திண்டாட்டம். 1932இல் ஒரு சட்டம் தொழிலிடங்களில் வெளிநாட்டாரின் தொகைக்கு எல்லை போட வழிவிட்டது. கூலி வேலை இல்லாதவன் தையல் மெசினோடு வீட்டிலிருந்தே தொழில் தொடங்கினான். 1935இல் வெளிநாட்டுக் கைவினைஞருக்கென்று தனி அட்டை வந்தது. சரி, கடை போடுவோம் என்று போனான். 1938 நவம்பர் 12இல் வெளிநாட்டு வணிகருக்கும் தனி அட்டை வந்தது. அதே நாளில் வந்த இன்னொரு ஆணை ‘விரும்பத்தகாத வெளிநாட்டாரை’ முகாம்களில் அடைத்துவைக்க வழி செய்தது. கடை அட்டையும் முகாமும் ஒரே நாளிற் பிறந்தவை என்பதை எம்மில் எத்தனை பேர் அறிவோம்? போலந்து யூதர், ஆர்மேனியர், இத்தாலியர் என்று அந்நாளிற் கடை வைத்திருந்தவர்களின் கதையை வரலாற்றாசிரியை குளேர் சால்க் 2010இல் ஒரு நூலாய் எழுதினார். அவர் பெரிதும் தோண்டியது இந்த வணிகப் பதிவேட்டைத்தான். கண்காணிக்க எழுதிய ஏடு, கண்காணிக்கப்பட்டவரின் சுவடாக மிஞ்சியிருக்கிறது.

பிறகு 1940. பாரிஸைப் பிடித்த ஜேர்மன் படை செப்ரெம்பர் 27இல் யூதரைப் பதியச் சொன்னது. அவர்களுடைய கடைகளில் இரு மொழியில் அறிவித்தல் ஒட்டச் சொன்னது. ஒக்ரோபர் 18இல் யூத வியாபாரங்களைத் தனியே அறிவிக்கச் சொன்னது. கடைகளுக்கு வேறு நிர்வாகிகள் வந்தார்கள். 1941 யூலையில் விஷி அரசும் தன் பங்குக்குச் சட்டம் போட்டது. பறிபோன வியாபாரங்களும் சொத்துகளும் சுமார் 50,000 என்று 2000ஆம் ஆண்டில் முடிந்த அரச விசாரணை சொன்னது. தங்கள் கடையைத் தாங்களே போய் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். சட்டத்தை மதித்தவர்கள்.

போர் முடிந்தும் வணிகர் அட்டை ஒழியவில்லை. 1984 யூலை 17ஆம் திகதிச் சட்டம் பத்து வருட வதிவிட அட்டையை உருவாக்கியது. அதை வைத்திருப்பவர் எந்தத் தொழிலும் செய்யலாம். வணிகர் அட்டை தேவையில்லை. 1983 கலவரத்துக்குப் பின் வந்திறங்கி, ஒப்ரா அகதியாய் ஏற்றுக்கொண்ட எம்மவருக்கு இந்தப் பத்து வருட அட்டை கிடைத்தது. லாச்சப்பலில் மளிகைக்கடையும் நகைக்கடையும் சாப்பாட்டுக்கடையும் எழும்பியது எங்கள் உழைப்பாலும் சீட்டுக்காசாலும் என்று விழா மேடைகளிற் பேசுகிறோம். பொய்யில்லை. ஆனால் அந்த அட்டையை நாங்கள் வாங்கவில்லை. 1983 ஒக்ரோபரில் மார்செயிலிருந்து இனவெறிக்கு எதிராய் நடக்கத் தொடங்கி டிசெம்பர் 3இல் பாரிஸை வந்தடைந்த இளைஞர்கள், பெரும்பாலும் வட ஆபிரிக்கத் தொழிலாளரின் பிள்ளைகள், ஜனாதிபதி மித்ரோனைச் சந்தித்துப் பெற்ற வாக்குறுதி அது. அவர்களை எங்கள் வீடுகளில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதை இங்கே எழுதக் கூசுகிறது.

வணிகர் அட்டை 2006இல் ஒழிந்தது. அதற்கு முன்னரே, 2003இல், சிறு கம்பனிக்கு 7,500 யூரோ முதல் காட்ட வேண்டும் என்ற விதியும் போனது. அந்தக் காசுக்காகச் சீட்டைக் கழித்து எடுத்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பதிவும் கணினி வழியே. முதல் மாதங்களில் அது படுத்துக்கொண்டதால் பழைய வழியைத் திரும்பவும் திறக்கவேண்டியதாயிற்று.

இன்றைக்கும் அகதி வழக்கு முடியாதவன் கடையைப் பதிய முடியாது. அவன் அதே குசினியில், பெரும்பாலும் எம்மவர் ஒருவரின் குசினியில், பத்திரமில்லாமற் கோப்பை கழுவுகிறான். வழக்கு வென்றவனோ தண்டனை பெறவில்லையென்று உறுதிமொழி எழுதும் தாளில் தகப்பன் பெயரும் தாயின் கன்னிப் பெயரும் எழுத வேண்டும். எங்கள் தாய்மாருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எங்கே இருந்தது? அம்மாவின் தகப்பன் பெயரை எழுதுகிறோம். அதுவும் ஒப்ரா தந்த பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்திருக்க வேண்டும்; ஓர் எழுத்து மாறினாலும் கோப்புத் திரும்பி வரும். எல்லாம் சரியாகிக் காபிஸ் வந்தாலும் மூன்று மாதத்துக்கு மேற் பழசானதைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள். திரும்பவும் புதிதாய் எடுக்க வேண்டும்.