மழை மாதமும் மலர் மாதமும்

ஓர் அரசு கவிழ்ந்து மற்றோர் அரசு வந்தால் நாணயத்தில் தலை மாறும். கொடியில் நிறம் மாறும். தெருக்களின் பெயர்ப் பலகைகள் மாறும். இவையெல்லாம் சகஜம். ஆனால் இன்று என்ன கிழமை, இப்பொழுது மணி என்ன என்பதையும் மாற்றிவிட வேண்டும் என்று துணிந்தவர்கள் சரித்திரத்தில் மிகச் சிலரே. அப்படித் துணிந்தவர்களில் முதன்மையானவர்கள் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள். காலம் என்பது என்ன, அழகு என்பது என்ன, சுதந்திரம் என்பது என்ன என்று தத்துவ நூல்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்குத் தலை சுற்றத் தொடங்கிவிடுகிறது. அந்த மூன்றும் ஒரே சாமானில், அதுவும் சுவரில் மாட்டுகிற ஒரு பஞ்சாங்கத்தில், வந்து சேர்ந்துகொண்ட கதை இது என்பதால்தான் எனக்கு இதில் இத்தனை ஈடுபாடு.

1792 செப்டம்பர் 21-ஆம் தேதி பாரிஸில் கூடிய தேசிய மாமன்றம் மன்னராட்சியை ஒழித்தது. மறுநாள், செப்டம்பர் 22, குடியரசின் முதல் நாள். அன்றைய தினம் வானத்திலும் ஒரு விசேஷம் இருந்தது: பகலும் இரவும் சமமாக நிற்கும் இலையுதிர்கால நாள் அது. மனிதர்கள் சமம் என்று பூமியில் சட்டம் செய்த அன்றே சூரியனும் பகலிரவைச் சமம் செய்துவிட்டான் என்று அவர்கள் பூரித்துப்போனார்கள். தற்செயல்தான். ஆனால் புரட்சி செய்கிறவர்களுக்குத் தற்செயலில் நம்பிக்கை கிடையாது. அந்த நாளையே முதலாம் ஆண்டின் முதல் நாளாக வைத்துப் புதிய பஞ்சாங்கம் ஒன்றை 1793 அக்டோபர் 5-ஆம் தேதி மாமன்றம் ஏற்றது.

கணக்கைப் போட்டவர் ழில்பேர் ரோம் என்பவர். கணிதம் படித்தவர், ருஷ்யாவில் ஒரு பிரபுவின் மகனுக்கு ஆசிரியராக இருந்தவர், சிரிக்கத் தெரியாத நேர்மையாளர். லக்ராஞ்ச், மோன்ஜ் போன்ற பெரிய கணித மேதைகளின் யோசனை அவருக்குக் கிடைத்தது. மாதம் ஒன்றுக்கு 30 நாள், அதில் வாரம் ஒன்றுக்குப் பத்து நாள், ஆக மாதத்துக்கு மூன்று வாரம். பன்னிரண்டு மாதமும் போக மிஞ்சிய ஐந்து நாட்கள், லீப் வருஷமானால் ஆறு நாட்கள், திருவிழாவுக்கு. கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. நாளுக்குப் பத்து மணி, மணிக்கு நூறு நிமிஷம், நிமிஷத்துக்கு நூறு விநாடி. அப்படி ஒரு மணி என்பது நம்முடைய கணக்கில் 144 நிமிஷம். இந்தப் பத்து மணிக் கடிகாரங்கள் சில செய்யவும் செய்தார்கள். இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மீட்டரும் கிராமும் பிறந்த 1795 ஏப்ரல் 7-ஆம் தேதிச் சட்டத்திலேயே, அந்தக் கடிகாரம் கட்டாயமில்லை என்று கைவிட்டுவிட்டார்கள். துணியை அளக்கிற கோல் மாறியதை ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுத்துக்கொண்டார்கள். பசிக்கிற நேரத்தை மாற்றுவது வேறு விஷயம்.

ரோமின் முதல் திட்டத்தில் மாதங்களுக்கு அழகான பெயர் எதுவும் ஒட்டவில்லை. எண்களால் குறிப்பதா, புரட்சியின் கொள்கைகளைப் பெயராக வைப்பதா என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு நாடகாசிரியரைக் கூப்பிட்டார்கள். பாப்ர் தெக்லான்தீன் என்று பெயர். ஊர் ஊராகச் சுற்றிய நடிகர், கவிஞர், பிரான்ஸில் குழந்தைகள் இன்றும் பாடுகிற, மழையும் இடைச்சியும் வரும் ஒரு பாட்டை எழுதியவர். பெயருக்குப் பின்னால் இருக்கும் 'எக்லான்தீன்' என்பது ஒரு காட்டு ரோஜா. துலூஸ் நகரத்துக் கவிதைப் போட்டியில் தங்க ரோஜாப் பரிசு வாங்கியதாகச் சொல்லி அவரே சேர்த்துக்கொண்ட பட்டம் அது. அப்படி ஒரு தங்க ரோஜாவை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. எழுத்தாளர்களில் இந்த ரகம் எல்லா நாட்டிலும் உண்டு. நாம் அதிகமாக ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பொய் ரோஜாக்காரர் செய்த காரியம் அசலானது. இலையுதிர் காலத்து மூன்று மாதங்கள்: வாந்தேமியேர், ப்ரூமேர், ப்ரிமேர். திராட்சை பறிக்கும் மாதம், மூடுபனி மாதம், உறைபனி மாதம். பிறகு குளிர்காலம்: நிவோஸ், ப்ளூவியோஸ், வாந்தோஸ். பனிமழை, மழை, காற்று. வசந்தத்துக்கு ஜெர்மினால், ப்ளோரேயால், ப்ரேரியால்; முளை, மலர், புல்வெளி. கோடைக்கு மெஸ்ஸிதோர், தெர்மிதோர், ப்ரூக்திதோர். அறுவடை, வெப்பம், கனி. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விகுதி. குளிர்காலத்துப் பெயர்கள் கனத்து இழுக்கின்றன. வசந்தத்துப் பெயர்கள் சட்டென்று துள்ளுகின்றன. பெயரைக் காதால் கேட்டாலே என்ன பருவம் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். இங்கிலீஷ்காரர்கள் இதைத் தும்மலும் இருமலுமாக மாற்றிக் கேலி செய்தார்கள். கேலி செய்யட்டும். சொல்லைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு சர்க்காரின் உத்தரவில் இத்தனை அழகு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மாதத்தோடு நிற்கவில்லை. கத்தோலிக்கர்களின் பஞ்சாங்கத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு புனிதருக்கு உரியது. அந்தப் புனிதர்களை எல்லாம் இறக்கிவிட்டு அந்த இடங்களில் செடிகளையும் கொடிகளையும் ஏற்றினார்கள். பாரிஸ் தாவரத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரரான ஆந்த்ரே தூவேன் இதற்கு உதவினார். ஐந்து, பதினைந்து, இருபத்தைந்தாம் தேதிகளுக்கு ஒரு பிராணி. பத்து, இருபது, முப்பதுக்கு ஓர் உழவுக் கருவி. பனி மாதத்தில் செடி எதுவும் கிடைக்காமல் நிலக்கரி, கந்தகம், வெடியுப்பு என்று சமாளித்தார்கள். ஒரு நாளுக்கு எரு என்றே பெயர். 1793-இன் கிறிஸ்துமஸ் அன்று புதுப் பஞ்சாங்கப்படி நாய் தினம்! இதில் விஷமம் இருந்ததா இல்லையா என்று ஆராய வேண்டியதில்லை. அன்று கோயிலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த கிழவிக்கு அது விஷமமாகத்தான் பட்டிருக்கும்.

அழகு அங்கே நிற்கட்டும். சுதந்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். ஏழு நாளைக்கு ஒரு ஓய்வு நாள் என்றால் வருஷத்துக்கு 52. பத்து நாளைக்கு ஒன்று என்றால் 36. அத்துடன் ஐந்து திருவிழா நாட்கள். புனிதர் திருநாட்கள் என்று கிடைத்துவந்த விடுமுறைகளும் போயின. மன்னனிடமிருந்து விடுதலை பெற்ற தொழிலாளி ஒன்பது நாள் தொடர்ந்து வேலை செய்ய வேண்டியதாயிற்று. சந்தை கூடும் நாட்கள் குழம்பின. இந்தப் பஞ்சாங்கத்தால் என்ன பயன் என்று தாம் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமையை ஒழிப்பது என்று ரோம் பதில் சொன்னதாக கிரேகுவார் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். கிரேகுவாரும் புரட்சிக்காரர்தான், குடியரசுக்காக முன்வரிசையில் நின்றவர்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. 1798-இல் அரசாங்கம் இன்னும் கடுமையாகச் சட்டம் போட்டு, பத்தாம் நாளில் கடையை மூடு, மற்ற நாளில் மூடாதே என்றது. ஒருவன் எந்த நாளில் சும்மா இருக்கலாம் என்பதைப் போலீஸ்காரன் வந்து சொல்வது என்றால், அந்த நாளுக்கு ரோஜா என்று பெயர் வைத்தால் என்ன, எரு என்று வைத்தால் என்ன?

பஞ்சாங்கம் செய்தவர்களையே பஞ்சாங்கம் விட்டுவைக்கவில்லை. பாப்ர் தெக்லான்தீன் பண விஷயத்தில் சுத்தமான மனிதர் அல்ல. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கலைக்கும் உத்தரவைத் திருத்தி, கம்பெனிக்காரர்களுக்குச் சாதகம் செய்ததாக அவர்மீது குற்றம் வந்தது. கிழக்கு நாடுகளின் வியாபாரத்துக்கென்று 1785-இல் புதிதாகத் தொடங்கிய கம்பெனி அது. இதில் நமக்கும் ஒரு சின்னச் சம்பந்தம் உண்டு. அந்தக் கம்பெனிகளின் வியாபாரத்தில் புகழ்பெற்ற புதுச்சேரியை 1793 ஆகஸ்டில் இங்கிலீஷ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பஞ்சாங்கம் பிறந்தது அக்டோபரில். ஊரைத் திரும்பக் கொடுத்த 1816-இல் அந்தப் பஞ்சாங்கமே உயிரோடில்லை. இல்லாவிட்டால், மார்கழியை 'பனிமழை மாதம்' என்று புதுச்சேரி கச்சேரியில் குமாஸ்தாக்கள் எழுதியிருப்பார்கள்.

1794 ஏப்ரல் 5-ஆம் தேதி தாந்தோனோடு பாப்ர் தெக்லான்தீனையும் கில்லட்டினுக்குக் கொண்டுபோனார்கள். அவர் வைத்த பெயர்களின்படி அது முளை மாதம் பதினாறாம் நாள், கீரைச் செடியான லெட்டூஸுக்கு உரிய நாள். அவர்களைக் கொன்ற ரோபெஸ்பியேர் அதே ஆண்டு ஜூலை 28-இல், வெப்ப மாதம் பத்தாம் நாளில் வெட்டுண்டார். பத்தாம் நாள் கருவி நாள் அல்லவா? அன்றைய கருவி பூவாளி. தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற பூவாளி!

ரோமின் முடிவு வேறு மாதிரி. 1795 மே மாதம், புல்வெளி மாதம் முதல் நாள், ரொட்டி கேட்டுப் பாரிஸ் ஜனங்கள் மாமன்றத்துக்குள் புகுந்தார்கள். அவர்கள் பக்கம் பேசிய குற்றத்துக்காக ரோமையும் வேறு சிலரையும் விசாரித்து ஜூன் 17-இல் மரண தண்டனை விதித்தார்கள். தீர்ப்பைக் கேட்டுவிட்டு இறங்கும்போது, ஒளித்து வைத்திருந்த கத்தியை ஒருவர் குத்திக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். ரோம் அப்படித்தான் இறந்தார். லீப் வருஷம் எப்போது வரும் என்று அவருடைய பஞ்சாங்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அதைச் சரிசெய்ய அவர் முன்வைத்திருந்த திட்டம் சட்டமாகாமலே நின்றுபோயிற்று. அவரும் தோழர்களும் 'ப்ரேரியால் தியாகிகள்' என்றே இன்றும் சரித்திரத்தில் குறிக்கப்படுகிறார்கள். பாப்ர் வைத்த பெயர், ரோமின் சாவுக்கு.

இவ்வளவையும் தாண்டி, இந்தப் பஞ்சாங்கத்தில் என் மனத்தை அதிகமாக அலைக்கழித்தவை இரண்டு தேதிகள். ஒன்று, இரண்டாம் ஆண்டு மழை மாதம் பதினாறாம் நாள்: 1794 பிப்ரவரி 4. அன்று பாரிஸ் மாமன்றம் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழித்தது. வள்ளன்மையால் மட்டும் அல்ல. கரிபியன் கடலிலுள்ள சேன் தொமிங்கில் 1791 ஆகஸ்டிலேயே அடிமைகள் கிளர்ந்தெழுந்து, கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தி, தங்கள் விடுதலையைத் தாங்களே பாதி வாங்கிவிட்டிருந்தார்கள். மற்றொன்று, பத்தாம் ஆண்டு மலர் மாதம் முப்பதாம் நாள்: 1802 மே 20. நெப்போலியனின் ஆட்சி. சமாதான உடன்படிக்கையால் திரும்பக் கிடைத்த தீவுகளிலும், நன்னம்பிக்கை முனைக்கு அப்பாலுள்ள குடியேற்றங்களிலும் அடிமைமுறை முன்போலவே இருக்கும் என்று அன்று சட்டம் வந்தது. நன்னம்பிக்கை முனைக்கு அப்பால் என்றால் மொரீஷியஸ் பக்கம்; நம் கரையிலிருந்து கப்பலேற்றிய அடிமைகளும் இருந்த பக்கம். அன்றைய நாளுக்குரிய கருவி இடையனின் கோல்.

மலர் மாதம் என்று பெயர் வைத்தவர் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. அழகான சொல்லின் கதி அதுதான்: யார் வேண்டுமானாலும் அதன் கீழே கையெழுத்துப் போடலாம்.

சேன் தொமிங்கில் அடிமையாகப் பிறந்து தளபதியாக உயர்ந்த தூசேன் லூவெர்த்தூர், பிரெஞ்சுக் குடியரசின் அதிகாரி என்ற முறையில் தம் கடிதங்களுக்குக் குடியரசுத் தேதிதான் போட்டார். மூடுபனி மாதம், பனிமழை மாதம் என்று, கரும்பும் காப்பியும் விளைகிற வெயில் தீவிலிருந்து எழுதினார். உலகத்துக்கே பொதுவான, இயற்கையின் பஞ்சாங்கம் என்று பெருமை பேசியவர்களுக்கு, இயற்கை என்றால் பாரிஸைச் சுற்றியுள்ள இயற்கைதான். 1802 ஜூனில் தூசேனை வஞ்சகமாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். ஆகஸ்டில் ழூரா மலையிலுள்ள ழூ கோட்டையில் அடைத்தார்கள். அது நிஜமாகவே பனி கொட்டுகிற இடம். இத்தனை வருஷம் காகிதத்தின் மேல் மூலையில் எழுதிவந்த மாதங்களை அந்தக் கல்லறை போன்ற அறைக்குள் அவர் ஒவ்வொன்றாக அனுபவித்துப் பார்த்தார். 1803 ஏப்ரல் 7-ஆம் தேதி, முளை மாதம் பதினேழாம் நாள், இறந்தார்.

பஞ்சாங்கம் அதன்பின் அதிக நாள் நீடிக்கவில்லை. சக்கரவர்த்தியாகிவிட்ட நெப்போலியனுக்குப் போப்பாண்டவரின் தயவு வேண்டியிருந்தது. வானியல் மேதை லாப்லாஸ் செனட் சபையில் அறிக்கை வாசித்து அதன் குறைகளை எடுத்துக்காட்டினார். 1806 ஜனவரி 1 முதல் பழைய தேதிகள் வந்துவிட்டன. 1871-இல் பாரிஸ் கம்யூன்காரர்கள் சில நாட்கள் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். கம்யூனோடு அதுவும் போயிற்று. நம் நாட்டிலும் சுதந்திரத்துக்குப் பின், மேகநாத் சாஹா தலைமையில் 1952-இல் ஒரு குழு போட்டு, 1957 மார்ச் 22 முதல் சக வருஷத் தேசியப் பஞ்சாங்கம் வந்தது. அரசிதழில் இங்கிலீஷ் தேதியோடு அதுவும் இருக்கும். அதற்காக யாருடைய ஞாயிற்றுக்கிழமையையும் பறிக்கவில்லை. அதனால்தான் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தூசேன் இறந்த அதே ஆண்டு நவம்பரில் அவருடைய ஜனங்கள் நெப்போலியனின் படையைத் தோற்கடித்தார்கள். தீவுக்கு ஹைத்தி என்று பழைய பெயரை வைத்துக்கொண்டு, கொனாயீவ் நகரத்தில் தெஸ்ஸலீன் சுதந்திரப் பிரகடனத்தை வெளியிட்டார். பிரான்ஸில் அப்போது பன்னிரண்டாம் ஆண்டு பனிமழை மாதம் நடந்துகொண்டிருந்தது. பிரகடனத்தில் அந்த மாதமும் இல்லை, அந்த ஆண்டும் இல்லை. 1804 ஜனவரி 1, ஹைத்தியின் சுதந்திரத்தில் முதலாம் ஆண்டு என்று போட்டிருக்கிறார்கள்.