கப்பலும் சேமநிதியும்: கெடாத் தோட்டத் தமிழரின் முதுமை

கடாரம் என்றதும் இராசேந்திர சோழனின் கப்பற்படையை நினைக்கிறோம். பூசாங் பள்ளத்தாக்கின் இடிந்த கோயில்களை நினைக்கிறோம். கோலா கெடாவின் கழிமுகத்தில் நின்று பேசுவோர்க்கு அது இயல்பே. ஆயினும் இம்மாநிலத்துத் தமிழரில் மிகப் பலருடைய வரலாறு சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பால்மரக் காடுகளில் எழுதப்பட்டது. அவ்வரலாற்றில் நாம் அதிகம் பேசாத ஒன்று முதுமை.

தொடக்கத்தில் அக்கேள்விக்குக் கப்பலே விடை. தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டி நடத்தப்பெற்ற இந்தியக் குடியேற்ற நிதி ஆள் கொணர்வதற்கும், தளர்ந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கும் செலவிட்டது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது வேலையிழந்தோரும் பெருந்திரளாகக் கப்பலேற்றப்பட்டனர். உழைப்பு இங்கே, முதுமை தமிழகத்துச் சிற்றூரில் என்பதே அன்றைய கணக்கு. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புதலைத் தடை செய்தது, போரும் வந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைக்குத் திரும்பிச் செல்ல ஊர் இல்லை.

1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் பிறந்தது. தொழிலாளி ஊதியத்தில் நூற்றுக்கு 5, முதலாளி 5 எனச் செலுத்த வேண்டும். 55 வயதில் தொகையைப் பெறலாம். இது ஓய்வூதியம் அன்று. அரசாங்க எழுத்தருக்கு மாதந்தோறும் கருவூலம் தந்தது. பால்மரம் வெட்டியவருக்கு அவருடைய சேமிப்பே திரும்பி வந்தது. மாதம் 100 வெள்ளி ஈட்டியவர் என்று கொள்வோம். அவ்விகிதத்தில் இருபது ஆண்டில் சேர்வது, ஈவு நீங்கலாக, 2,400 வெள்ளி. மழை நாளில் மரம் வெட்ட இயலாது. கூலி குறையும், சேமநிதியும் குறையும். வேலையை விட்டால் தோட்டத்து லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். கையில் வந்த ஒற்றைத் தொகை ஒரு கூரைக்கே போதாதபோது, எஞ்சிய ஆண்டுகளுக்கு எது மிஞ்சும்?

கருவூலத்திற்கோ இவ்வேற்பாடு பாரமாகவில்லை. அதற்கு மேலும் ஒரு நன்மை உண்டு. சேமநிதியின் பெரும்பகுதி நெடுங்காலம் அரசுக் கடன் பத்திரங்களில் இடப்பட்டது. விடுதலைக்குப் பிந்திய சாலைக்கும் பள்ளிக்கும் நாடு கடன் பெற்றபோது, கடன் கொடுத்தோர் வரிசையில் தமிழ்ப் பால்மரத் தொழிலாளியும் நின்றார். பொருளாதார வளர்ச்சி பற்றிய நூல்கள் இதனைச் சேமிப்பு விகிதம் என்று ஒரு சொல்லில் கடந்து விடுகின்றன. நமக்கு அது போதாது.

இப்போது காற்று வேறு திசையில் வீசுகிறது. அரசு ஊழியர்க்கான ஓய்வூதியச் செலவு பெருகியமையால், 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேர்வோர் ஓய்வூதியத்திற்கு மாற்றாகச் சேமநிதியில் பங்களிக்கும் ஏற்பாட்டை அரசு அறிவித்தது. பெருந்தொற்றுக் காலத்திலோ, சேமநிதி உறுப்பினர் பலர் சிறப்பு அனுமதியின்பேரில் தம் முதுமைப் பணத்தை முன்னதாகவே எடுத்து உண்டுவிட்டனர். 2024 மே மாதத்தில் கணக்குகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன. புதிய பங்களிப்பில் நூற்றுக்கு 75 ஓய்வுக்கால கணக்கிற்குச் செல்கிறது, 10 எப்போது வேண்டுமாயினும் எடுக்கத்தக்கது. எழுத்தரின் மகளுக்கு இது புதுமை. லயத்தில் வளர்ந்தவரின் மகனோ, தந்தை 55 வயதில் பெற்ற தொகை எத்தனை மாதம் நீடித்தது என்பதை வீட்டிலிருந்தே அறிந்தவன்.