படித்தால் அழியும் ஏடு

ராயகிரித் தெருத் திண்ணையில் பாசிமணி கோக்கும் விரல்களைக் காணுங்கால் நமக்கு ஓர் உண்மை நினைவுக்கு வரும்: கணிப்பொறியின் நினைவும் ஒரு காலத்தில் இவ்வாறே கோக்கப்பட்டது.

மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையிற் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையிலான குழுவினர் ஒரு கணிப்பொறியை உருவாக்கினர். 1960இல் முழுமையுற்ற அதற்கு, 1962இல் பண்டித நேரு ‘டிஃப்ராக்’ எனப் பெயர் சூட்டினார்.

அதன் நினைவகம் யாது? கம்பிகளிற் கோத்த சின்னஞ்சிறு ஃபெரைட் வளையங்களே! 40 இலக்கங்கள் கொண்ட 2,048 சொற்களை அது தாங்கியது. இலக்கத்திற்கு ஒரு வளையமெனக் கணக்கிட்டால் 81,920 வளையங்கள். ஒவ்வொன்றும் தன் காந்தத் திசையால் ஒன்றையோ சுழியையோ குறிக்கும். மின்சாரம் நின்றாலும் மறவாது. ஆயினும் விந்தை ஒன்றுண்டு. படித்த அக்கணமே வளையத்திலுள்ள செய்தி அழிந்துவிடும். உடனே அதனை மீண்டும் எழுதியாக வேண்டும்.

வரலாறும் இத்தகையதன்றோ? கேட்டவர் வாளாவிருந்தால் அது அவரோடு மறையும். டிஃப்ராக் 1960களின் நடுவிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. அதனை ஆக்கியோரின் உழைப்பை நம் பிள்ளைகளின் உள்ளத்தில் மீண்டும் எழுதுவது நம் கடமையாகும்.