தரங்கம்பாடி அருட்பணிக் குழுவின் அன்றாட வாழ்க்கை (1706–1720): ஒரு நாளின் நேரப்பகுப்பும் அதில் இடம்பெற்ற மனிதர்களும்

ஆய்வுச் சுருக்கம்

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவுடன் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய அருட்பணியாளர்களின் மொழிப்பணியும் அச்சுப்பணியும் தமிழ் ஆய்வுலகில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அப்பணிகள் நிகழ்ந்த அன்றாடச் சூழல் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. பர்த்தலோமேயு சீகன்பால்க் தம் நாளைப் பகுத்துக்கொண்ட முறையை மையமாகக் கொண்டு, அந்த நாள் எவரெவருடைய உழைப்பால் இயங்கியது என்பதையும், அவ்வாழ்க்கை முறை கோபன்கேகனில் இருந்த மேலாளருடன் எவ்வாறு பூசலுக்குக் காரணமாயிற்று என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தரங்கம்பாடி, சீகன்பால்க், கிரண்ட்லர், அழகப்பன், மலபார்க் கடிதங்கள், ஹாலே அறிக்கைகள்

முன்னுரை

அயல்நாட்டில் அருட்பணி ஆற்றியோரின் வரலாறு பெரும்பாலும் சாதனைகளின் நிரலாகவே எழுதப்படுகிறது. எத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர், எந்த நூல் எப்போது அச்சேறியது, எந்த ஆலயம் எந்த நாளில் திறக்கப்பட்டது என்பன அந்நிரலில் இடம்பெறுகின்றன. காலையில் யார் கதவைத் திறந்தார், ஏட்டை யார் படித்துக் காட்டினார், பள்ளிப் பிள்ளைகளுக்கு யார் சோறு வடித்தார் என்பன இடம்பெறுவதில்லை. இதற்குச் சான்றுகளின் தன்மையும் ஒரு காரணம். தரங்கம்பாடியிலிருந்து சென்ற கடிதங்கள் 1710 முதல் ஹாலே நகரில் தொகுக்கப்பட்டு, ஹாலே அறிக்கைகளாக அச்சிடப்பட்டன. அவற்றைப் படித்தோர் பணிக்குப் பொருளுதவி செய்த ஐரோப்பியர். எனவே எது அச்சேற வேண்டும் என்பதைப் பதிப்பாசிரியரின் தேர்வு முடிவு செய்தது. அறிக்கைகளைக் கொண்டு அன்றாட வாழ்வை மீட்டெடுக்க முயலும் எவரும் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

கரையிறங்கலும் காத்திருப்பும்

சீகன்பால்க்கும் ஹைன்ரிக் புளுட்சோவும் 1705 நவம்பர் 29 அன்று கோபன்கேகனிலிருந்து ‘சோபியா ஹெட்விக்’ என்னும் கப்பலில் புறப்பட்டு, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தனர். சீகன்பால்க்குக்கு 24 வயது நிறைய ஒரு நாளே எஞ்சியிருந்தது. அரசரின் ஆணையுடன் வந்திருந்தும் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. டேனிய வணிகக் கழகத்தின் ஆளுநரான ஹாசியஸ் அவர்களை நெடுநேரம் காத்திருக்க வைத்தார். பின்னர் அவர்கள் தங்குமிடம் இன்றிச் சந்தைவெளியில் நிற்க நேர்ந்தது. வணிகக் கழகத்தின் பார்வையில் அருட்பணி என்பது உள்ளூர் வணிக உறவுகளைக் குலைக்கக்கூடிய ஒரு தொல்லை. அரசர் அனுப்பியவர்களை அரசரின் உரிமம் பெற்ற கழகமே விரும்பாத இந்த நிலை, அடுத்த பல ஆண்டுகளுக்கு அவர்களுடைய வாடகை, கடன், உணவு ஆகிய அனைத்தையும் பாதித்தது.

கடலோடு இணைந்த இன்னொரு நெருக்கடி காலத்தைப் பற்றியது. பருவக்காற்றை நம்பிய கப்பல்கள் வழியே ஒரு கேள்வியை எழுதி அனுப்பி விடை பெறுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பணம், மருந்து, தாள், உடன்பணியாளர் அனைத்திற்கும் இதே கணக்குத்தான். தரங்கம்பாடியில் ஒவ்வொரு நாளும் எடுக்கப்பட்ட முடிவுகள் மேலாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் எடுக்கப்பட்டவை. அவற்றுக்கான கண்டனங்கள் நிலைமை மாறிய பின்னரே வந்து சேர்ந்தன.

ஒரு நாளின் நேரப்பகுப்பு

மொழியைக் கற்கும் முயற்சி மணலில் தொடங்கியது. முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு அமர்ந்து இருவரும் மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. ஆசிரியருக்கு ஐரோப்பிய மொழி தெரியாது. அழகப்பன் இவ்விடத்தில்தான் வருகிறார். ஐரோப்பிய ஆவணங்களில் ‘அலெப்பா’ எனப் பதிவாகியுள்ள இவர், டேனிய வணிகக் கழகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசியமும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் அறிந்தவர். விரைவில் பணிப்பிரிவும் ஏற்பட்டது. அன்று கடற்கரை நகரங்களில் பொதுமொழியாக வழங்கிய போர்த்துகீசியத்தைப் புளுட்சோ ஏற்றார். தமிழைச் சீகன்பால்க் ஏற்றார்.

தொடக்க ஆண்டுகளில் தாம் தமிழ் பயின்ற முறையைச் சீகன்பால்க் கடிதமொன்றில் மணிக்கணக்காக விளக்கியுள்ளார். காலை 7 முதல் 8 வரை, முன்னர்க் குறித்துவைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 முதல் நண்பகல் 12 வரை, அதுவரை படித்திராத தமிழ் நூல்களைப் படிப்பது. உணவு வேளையிலும் ஒருவர் படிக்கக் கேட்பது. பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் வாசிப்பு. இரவு 7 முதல் 8 வரை, கண்களுக்கு ஓய்வு வேண்டி, பிறர் படிக்கக் கேட்பது. தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத்தக்க நடையுடைய ஆசிரியர்களையே அவர் விரும்பித் தேர்ந்தார்.

சீகன்பால்க்கின் தனிமனித உழைப்புக்குச் சான்றாகவே இந்நிரல் பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. உழைப்பு மறுக்க இயலாதது. எட்டு மாதங்களில் தமிழில் உரையாடும் நிலையை எட்டியதாக அவர் குறிப்பிட்டதும் இந்த ஒழுங்கின் பயனே. ஆயினும் நிரலை மீண்டும் படித்தால், அவர் தனித்திருந்த மணி மிகக் குறைவு என்பது புலனாகும். காலை நான்கு மணிநேரமும் அவருடன் முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் அமர்ந்திருந்தனர். கடினமான செய்யுளைப் புலவர் பேச்சுவழக்கில் விளக்கினார். புதிய சொல் வந்தவுடன் எழுத்தர் அதனைப் பதிந்தார். உணவு வேளையிலும் இரவிலும் படித்துக் காட்டியவர்கள் வேறு. சீகன்பால்க்கின் அகராதித் தொகுப்புகளுக்கு மூலமாக அமைந்த சொற்குறிப்புகள் மூவர் கூடி உருவாக்கியவை எனல் பொருந்தும். ஒருவர் பொருள் சொன்னார், ஒருவர் எழுதினார், ஒருவர் கேட்டார். கேட்டவருடைய பெயரில் நூல் நின்றது. இதைக் குற்றமாகச் சுட்டுவது வரலாற்றுக்கு முரணாகும். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியப் புலமை மரபில் உதவியாளர் பெயர் இடம்பெறாமை வழக்கமே. எனினும், தமிழ்க் கல்வி வரலாற்றை எழுதுவோரும் அதே வழக்கத்தைத் தொடர்வதற்கு நியாயமில்லை.

1708இல் சீகன்பால்க் தொகுத்த தமிழ் நூற்பட்டியலும் இத்தகையதே. நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகள் அதில் உள்ளன. அந்த ஏடுகள் அவரைத் தேடி வரவில்லை. எழுத்தர்களைப் பல நாள் நடைத் தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்பி, அந்தணர் குடும்பத்துக் கைம்பெண்களிடமிருந்து ஏடுகளை வாங்கியதாக அவரே தெரிவிக்கிறார். கணவர் மறைந்த வீட்டில் ஏடுகள் விலைக்குக் கிடைக்கும் என்பதை அறிந்தவர் யார்? வந்து இரண்டாண்டுகளே ஆன ஐரோப்பியருக்கு அவ்வறிவு இயல்பாக வந்திருக்க வாய்ப்பில்லை.

முதிய ஆசிரியரின் மகனான கணபதி வாத்தியார் 1709இல் திருமுழுக்குப் பெற்றபோது, இந்தக் கூட்டுழைப்பின் விலை வெளிப்பட்டது. கற்பித்தல் என்னும் ஊதியப் பணி ஒரு குடும்பத்தைப் பிளக்கும் நிகழ்வாக மாறியது. உறவினரின் கடும் எதிர்ப்பை அவர் எதிர்கொள்ள நேர்ந்தது. அருட்பணியாளருக்கு அது வெற்றிச் செய்தி. அவரிடம் வேலை பார்த்த ஏனையோருக்கு அது எச்சரிக்கையாகவும் இருந்திருக்கலாம்.

ஆலயமும் பள்ளியும் சிறையும்

மொழிப் பயிற்சிக்கு அப்பாற்பட்ட நேரம் வழிபாட்டுக்கும் பள்ளிக்கும் உரியது. ஐரோப்பியர் வீட்டு அடிமைகளுக்குச் சமயக் கல்வி அளிப்பதில் இப்பணி தொடங்கியது. 1707 மே மாதம் முதன்முதலாகத் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் அத்தகையோரே. அடிமைகளின் நேரம் உரிமையாளருடையது ஆகையால், பாடவேளையை முடிவு செய்ததும் உரிமையாளரின் வசதியே. அதே ஆண்டு ஆகஸ்டு 14 அன்று முதல் ஆலயம் திறக்கப்பட்டது. தமிழிலும் போர்த்துகீசியத்திலும் வழிபாடு நடந்தது. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்துக் கற்பிக்கும் பள்ளிகள் ஏற்பட்டபின், அருட்பணியாளர் இல்லம் ஒரு பெருங்குடும்பமாயிற்று. சமையலாட்கள், ஆசிரியர்கள், உபதேசியார்கள், எழுத்தர்கள் எனக் கூலி பெறுவோர் பெருகினர். கப்பல் தாமதித்தால் இவர்கள் அனைவரின் உணவும் கடன்பட்டே நடந்தது.

1708 நவம்பரில் இந்த ஒழுங்கு குலைந்தது. ஏழைக் கைம்பெண் ஒருவரின் வழக்கில் தலையிட்டதைத் தொடர்ந்து ஆளுநருடன் ஏற்பட்ட மோதலில் சீகன்பால்க் கைது செய்யப்பட்டு, நான்கு மாதங்கள் கோட்டையில் அடைக்கப்பட்டார். புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை அவர் தொடங்கியது அதற்கு முந்தைய மாதம். பணி நின்றது, 1709 மார்ச்சில் விடுதலைக்குப் பின் தொடர்ந்து, 1711 மார்ச்சில் நிறைவுற்றது.

ஏட்டிலிருந்து தாளுக்கு மாறியதும் அன்றாடத் தேவையால்தான். சமய வினாவிடைகளையும் மறையுரைகளையும் ஓலையில் படியெடுக்க எழுத்தர் பலர் வேண்டியிருந்தனர். செலவும் காலமும் மிகுந்தன. இலண்டனிலிருந்து கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் வந்தது. உடன் புறப்பட்ட அச்சர் வழியிலேயே இறந்துவிட்டார். டேனியக் கோட்டையின் படைவீரர்களுள் அச்சுத்தொழில் அறிந்த ஒருவரைக் கொண்டு வேலை தொடங்கியது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்தன. அவை அளவில் பெரியவை. தாளைப் பெரிதும் தின்றன. எனவே சிறிய எழுத்துகளை உள்ளூரிலேயே வார்த்தனர். பொறையாற்றில் காகித ஆலையும் அமைத்தனர். தமிழ் எழுத்துச் சீர்மையின் வரலாற்றில் தாள் பற்றாக்குறைக்கும் ஓர் இடமுண்டு.

அண்டை வீட்டார் பார்வை

அருட்பணியாளர் தமிழரைக் கவனித்தது போலவே தமிழரும் அவர்களைக் கவனித்தனர். 1712 முதல் 1714 வரை சீகன்பால்க்கும் 1709இல் வந்து சேர்ந்த யோகான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லரும் தமிழரிடம் பல பொருள்கள் குறித்து வினாக்களை அனுப்பி விடைகளைப் பெற்றனர். ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்ட 99 கடிதங்கள் ஹாலேயில் அச்சாயின. இவையே மலபார்க் கடிதங்கள். கிறித்தவரைத் தமிழர் ஏன் மதிப்பதில்லை என்பதற்கான விடைகளில் கோட்பாட்டு மறுப்பைவிட அன்றாட ஒழுக்கம் பற்றிய குறைகளே உரத்துக் கேட்கின்றன. ஐரோப்பியர் மாட்டிறைச்சி உண்கின்றனர், மது அருந்துகின்றனர், உரியவாறு நீரால் தூய்மை செய்துகொள்வதில்லை, வீட்டுக்குள்ளேயே எச்சில் உமிழ்கின்றனர் என்பன அவை.

கடிதம் எழுதியோரின் கண்ணில் சமயம் என்பது முதலில் உண்ணும் முறை, குளிக்கும் முறை, பழகும் முறை. மறையுரையில் என்ன சொல்லப்பட்டது என்பது அதற்கு அடுத்தது. எனவே அருட்பணியாளரின் சமையலறையும் கிணற்றடியும் அவர்களுடைய மேடையைப் போலவே பொதுவெளியாக இருந்தன. இக்கடிதங்களில் கணிசமானவற்றை அழகப்பனே எழுதியிருக்க வேண்டும் என ஆய்வாளர் கருதுகின்றனர். அக்கருத்து சரியெனின், அருட்பணி இல்லத்தை உள்ளிருந்து பார்த்தவர் ஒருவரின் குரலும் இக்குறைகளில் கலந்திருக்கிறது. வெளியாரின் ஏளனமாக மட்டும் இவற்றைக் கொள்வது அப்போது இயலாது.

கோபன்கேகனின் ஆட்சேபம்

1714இல் கோபன்கேகனில் அருட்பணி ஆட்சிக்குழு நிறுவப்பட்டது. அதன் செயலாளரான கிறிஸ்டியன் வெண்ட், திருத்தூதர்களைப் போல உடைமையின்றி ஊர் ஊராகச் சென்று போதிப்பதே அருட்பணி என்னும் உறுதியான கருத்துடையவர். கட்டடங்கள், பள்ளிகள், திருமணம், இல்லச் செலவு அனைத்தும் அவருக்குத் திசைமாறலாகத் தோன்றின. சீகன்பால்க் 1714 அக்டோபரில் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, அங்கு மரியா டோரத்தியா சால்ஸ்மனை மணந்து, 1716 ஆகஸ்டில் திரும்பியிருந்தார். 1718 அக்டோபர் 11 அன்று புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அதாவது, வெண்ட் எதையெல்லாம் குறையாகக் கண்டாரோ அவையெல்லாம் அந்த ஆண்டில் தரங்கம்பாடியில் நிறைவுபெற்று நின்றன.

வெண்ட்டின் நிலைப்பாட்டைச் சிக்கனம் என்று மட்டும் கூறி ஒதுக்குவது எளிது. அதில் ஒரு கொள்கை இருந்தது என்பதை மறுக்க முடியாது. வேரூன்றிய நிறுவனமே பணியின் நோக்கமாகிவிடும் என்னும் அச்சத்தைப் பிற்கால வரலாறு முற்றிலும் பொய்யாக்கவில்லை. ஆனால் அவர் காணத் தவறியது அந்த நாளின் அமைப்பை. புலவரும் எழுத்தரும் இன்றித் தமிழ் இல்லை. ஊதியம் இன்றிப் புலவரும் எழுத்தரும் இல்லை. அவர்கள் வந்தமர ஒரு கூடமும் ஏடுகளைக் காக்க ஒரு கூரையும் வேண்டும். உடைமையற்ற தூதர் என்னும் உருவகம், மொழி தெரிந்த ஊரில் நடப்பவருக்கே பொருந்தும்.

கடுமையான கண்டனக் கடிதங்கள் வந்தபோது சீகன்பால்க் ஏற்கெனவே உடல்நலம் குன்றியிருந்தார். 1719 பிப்ரவரி 23 அன்று, தம் 36ஆம் வயதில், அவர் காலமானார். பள்ளிக் கணக்குகளும் கூலிக் கணக்குகளும் அச்சகமும் கிரண்ட்லரின் கைக்கு வந்தன. அவரும் 1720 மார்ச் 19 அன்று இறந்தார். இருவரின் உடல்களும் புதிய எருசலேம் ஆலயத்தினுள் அடக்கம் செய்யப்பட்டுள்ளன. காலை 8 மணிக்கு ஏட்டுக்கட்டோடு வந்தமர்ந்த முதிய புலவரின் பெயர் அந்த நேரப்பகுப்பில் குறிக்கப்படவில்லை.