கோப்பிக்கு வெட்டிய ரோட்டு

யாழ்ப்பாணத்தைச் சைக்கிள் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. எங்கள் ஹட்டனிலோ சைக்கிளில் போகிறவனை நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நோர்வூட் பக்கம் கொழுந்துச் சாக்கோடு நின்ற ஒரு அக்கா, "என்னா சேர், தள்ளிக்கிட்டுப் போறதுக்கா காசு குடுத்து வாங்குனீங்க?" என்று கேட்டார். தள்ள வேண்டியதில்லை என்பதுதான் விசேஷம். ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் என்று சுற்றி, மறுபடி ஹட்டனுக்கு ஏறி வர ஒரு முழுப் பகல் பிடிக்கும். மெயின் ரோட்டை விடாதவரை அநேகமாக உட்கார்ந்தபடியே மிதித்துவிடலாம். மலை செங்குத்தாக நிற்கிறது; ரோட்டு மட்டும் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய்த் திரும்பி, நிதானமாக ஏறுகிறது. அதைக் கோடு போட்டவர்கள் மனதில் இருந்தது மூட்டை வண்டியை இழுக்கும் மாடு. மேலே அரிசி போக வேண்டும், கீழே கோப்பி வர வேண்டும். மாடு மூச்சு வாங்காத சரிவில் சைக்கிள்காரனும் பிழைத்துக்கொள்கிறான்.

ரோட்டு என்றால் தோமஸ் ஸ்கின்னர் பெயரைச் சொல்வது வழக்கம். 1820இல் கண்டி ரோட்டு வேலையில் இறங்கியபோது அவருக்கு வயது 16. 1867இல் ஓய்வு பெறும்வரை இந்த நாட்டின் ரோட்டெல்லாம் அவர் பொறுப்பு. திறமைசாலி, மறுக்கவில்லை. ஆனால் கல்லை உடைத்தது யார்? முதலில் ராஜகாரியம் என்ற பழைய கட்டாய ஊழியத்தில் சிங்களக் கிராமத்தவர்கள். கோல்புரூக், கமரன் விசாரணைக் குழு வந்து போனபின் 1832இல் அது ஒழிந்தது. பிறகு தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்த பயனியர் படை. கட்டாயம் அதோடு போய்விட்டதா என்றால், 1848இல் டொரிங்டன் தேசாதிபதி வேறு உருவத்தில் அதைக் கொண்டுவந்தார்: 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் ரோட்டு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கலகத்துக்கு இந்த வரியும் ஒரு காரணம்.

டிக்கோயாவும் மஸ்கெலியாவும் பிந்தித் திறந்த காடுகள். கண்டியைச் சுற்றிய நிலமெல்லாம் முடிந்தபின், 1860களிலும் 70களிலும்தான் சிவனொளிபாத மலையடிவாரக் காட்டில் கோடரி விழுந்தது. ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கு வந்து நின்றுகொண்டது. அடுத்த பத்து வருஷம் இந்த மலையின் கோப்பியெல்லாம் மாட்டு வண்டியில்தான் அங்கே இறங்கியது. ரயிலை மேலே கொண்டுவரச் சொல்லித் துரைமார் நச்சரித்தார்கள். 1884இல் கோச்சி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது; 1869இல் கண்ட இலை நோய் தோட்டம் தோட்டமாகத் தின்றுவிட்டது. கோப்பிக்காகக் கேட்ட ரயில் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிப் போனது.

நோர்வூட்டில் இடப்பக்கம் பிரிந்தால் பொகவந்தலாவை. கால் தாங்குமானால் அங்கே புனித மேரி தேவாலயக் கல்லறை வரை போய்வரலாம். புகைப்படக் கலையில் பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்து அங்கே அடக்கமானார். அவருடைய படங்களுக்காக வெளிநாட்டார் தேடி வருகிறார்கள். பக்கத்தில் கிடக்கும் கணவர் சார்ல்ஸ் ஹே கமரனை யாரும் கவனிப்பதில்லை. ராஜகாரியத்தை ஒழித்த அந்தக் குழுவின் கமரன் அவர்தான். சீர்திருத்தம் பேச வந்தவர் கோப்பி நிலமும் வாங்கினார். கட்டாய ஊழியம் போன நாட்டில் கோப்பி மலைக்குக் கூலியாட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று எங்கள் பரம்பரையிடம் கேட்டால் தெரியும்: மன்னாரில் இறங்கி, வடக்கு ரோட்டில் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தார்கள். காய்ச்சலிலும் பேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம்.

என் அப்பா தோட்டத்தில் தப்பால்காரர். தினம் காலை நோர்வூட் தபாற்கந்தோருக்கு இறங்கி, துரைக்கு வந்த கடிதமும் பேப்பரும் அடைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவார். சைக்கிள் அவருக்கு உதவியிருக்காது, ஏனென்றால் மெயின் ரோட்டோடு அந்த நிதானச் சரிவும் முடிந்துவிடும். தோட்டத்து ரோட்டு ஸ்டோர் வரைக்கும் ஒழுங்காகப் போகும், பங்களாவுக்கு அதைவிட ஒழுங்காகப் போகும். லயத்துக்குப் போகிற துண்டில் கல் பெயர்ந்து, நானும் இறங்கித் தள்ளத்தான் செய்கிறேன்.

முன்பு அந்த ரோட்டு துரையின் சொத்து. அவர் அனுமதி இல்லாமல் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. உள்ளிருப்பவர் வெளியேறவும் 'துண்டு' வேண்டும்: கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய சீட்டு. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டத்தால் நிறுத்தினார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழையத் துணி வியாபாரியாக வேஷம் போட்டார் என்பது மலையகத்தில் எல்லோரும் சொல்லும் கதை. அதே நடேசய்யரை 1936இல் ஹட்டன் தொகுதி அரசாங்க சபைக்கு அனுப்பியது.

மஸ்கெலியாவில் தேத்தண்ணிக் கடை நிறைய. ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றுவிட்டு நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கலாம். பழைய மஸ்கெலியா டவுன் அதற்குள் இருக்கிறது. 1969இல் மவுஸ்ஸாகலை அணை நிறைந்தபோது கடைத்தெருவும் கோயிலும் தண்ணீருக்குள் போயின. கடும் வரட்சியில் கோயிலின் மிச்சம் வெளியே தெரியும். ஊர் முழுகிய அதே காலத்தில் மக்களும் கிளம்பினார்கள். 1948 குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. தகரப் பெட்டியோடு இதே ரோட்டில் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போய்த் தலைமன்னார் வழியாகப் போனார்கள். வழியனுப்ப வந்தவர்கள் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் விழுந்தது.

மஸ்கெலியாவிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் வரை இறக்கம், பிரேக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எதிரே ஏழு கன்னிமார் மலை. 1974 டிசம்பர் 4இல் இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் அதில் மோதி 191 பேர் இறந்தார்கள். கீழே நோட்டனில் இருப்பது நாட்டின் நீர்மின்சாரத் தொட்டில். இங்கே ஓடும் ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே எழுதிக் காட்டியவர் பொறியியலாளர் விமலசுரேந்திர; பழைய லக்சபான நிலையம் 1950இல்தான் ஓடத் தொடங்கியது. கம்பி தோட்டங்களுக்கு மேலாகக் கொழும்புக்குப் போனது. லயத்தில் நாங்கள் குப்பி விளக்கில் படித்தோம்.

நோட்டனிலிருந்து ஹட்டனுக்கு ஆயிரம் அடிக்கு மேல் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் யோசிக்க நேரம் கிடைக்கும். 1972லும் 1975லும் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. கைகள் மாறினாலும் தோட்டத்து ரோட்டு பொது ரோட்டாகவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. வாக்குப் போட மட்டும் நாங்கள் அந்தச் சபையின் மக்கள். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே ஆண்டுத் தேர்தலில் நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் தனிச் சபைகளும் வந்தன. ஆகவே இனிச் சட்டத்தைச் சாட்டிக்கொள்ள முடியாது. பிரசவ வலியெடுத்த பிள்ளையை லொறியில் குலுக்கிக்கொண்டு இறக்கும் டிவிசன்கள் இன்னும் இருக்கின்றன. உங்கள் டிவிசன் ரோட்டு எந்த வருஷத்து வரவு செலவில் இருக்கிறது என்று அடுத்த சபைக் கூட்டத்துக்கு முன் உங்கள் உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.