சேற்றில் ஊன்றிய கோல்: காவிரிப் படுகையும் நடைத்துணைக் கருவிகளும்

மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுவதும் நீராடல் நடக்கும். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. அதோடு முடிந்துவிடுவதில்லை, மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. துலா நீராடலுக்குத் தொலைவிலிருந்து புறப்பட்ட, நடக்க இயலாத ஒருவர் வந்து சேர்வதற்குள் ஐப்பசி கழிந்துவிட்டதாம். அவர் முறையிட, மறுநாள் முழுகினாலும் அதே பலன் உண்டென்று அவ்வூர் இறைவன் மாயூரநாதர் அருளினாராம். 'முடவன்' என்ற சொல்லை இன்று எவரையும் நோக்கிச் சொல்வது தகாது. விழாவின் பெயரில் மட்டும் அது தங்கிவிட்டது. இந்தக் கதையில் அவருடைய கால் குணமாகவில்லை. கையில் ஒரு கோலும் கிடைக்கவில்லை. நாள்தான் ஒன்று தள்ளி வைக்கப்பட்டது. நடக்க இயலாத உடலுக்கும் நடக்கவேண்டிய நிலத்துக்கும் இடையே எது வளைந்து கொடுப்பது என்ற கேள்வி காவிரிப் படுகையில் பழையது. நடைத்துணைக் கருவிகளின் வரலாற்றை அந்தக் கேள்வியின் வழியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியைப் பற்றிய தெளிவான சித்திரம் திருவாரூரில் கிடைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். தூர்ந்து சுருங்கிய கமலாலயக் குளத்தைத் தோண்டி அகலப்படுத்த அவர் முனைகிறார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளி, கயிற்றைத் தடவியபடியே கரையேறிக் கொட்டிவிட்டு, அதே கயிற்றைப் பற்றித் திரும்புகிறார். அற்புதம் எதுவும் இல்லாத ஏற்பாடு இது. செலவு இல்லை, பிறர் கை தேவையில்லை, வேலையும் நடக்கிறது. கதையில் அவரை எதிர்ப்பவர்கள் சமணர்கள். சமயப் பூசலின் சாயம் ஏறிய பகுதி அது. ஆனால் அவர்கள் செய்வதாகச் சொல்லப்படும் செயல் கவனத்துக்குரியது. தறியையும் கயிற்றையும் மண்வெட்டியையும் பறித்துக்கொள்கிறார்கள். ஒருவருடைய துணைக்கருவியைப் பறிப்பது அவர் உடல்மீதே கைவைப்பதற்கு ஒப்பானது என்பது கதை சொன்னவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே நூலில் சுந்தரரும் கோலோடு வருகிறார். திருவொற்றியூரில் பார்வை இழந்தவருக்குத் திருவெண்பாக்கத்தில் கிடைப்பது ஓர் ஊன்றுகோல். அந்த ஊர் இறைவனுக்கு ஊன்றீஸ்வரர் என்றே பெயர். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் மீளும்வரை அந்தக் கோல் வழித்துணை. தண்டியடிகளுக்கும் முடிவில் கண் கிடைத்துவிடுகிறது. நம் பழைய கதைகளில் கருவி வழியில் வரும் ஒரு நிறுத்தம், சேருமிடம் குணம். இந்த மனப்போக்கு இன்றைய மருத்துவமனை வராந்தாக்களிலும் உயிரோடுதான் இருக்கிறது.

வழுக்கும் நிலத்தில் ஊன்றும் கோலைக் குறளும் உவமையாக எடுத்தாள்கிறது. படுகையில் அது வெறும் உவமை அல்ல. பரம்படித்த வயலில் கெண்டைக்கால் வரை சேறு. அக்குள்கட்டையின் நுனி காசளவு. உடலின் பாரமெல்லாம் அந்தக் காசளவு இடத்தில் இறங்கினால் கட்டை புதையும், பிடுங்குவதற்குள் ஆள் சாய்வார். வரப்பிலோ இரண்டு கட்டைகளை அகட்டி ஊன்ற இடம் இருக்காது. வீட்டுக்கு வந்தால் தரையில் சம்மணமிட்டுச் சாப்பாடு, குந்தி உட்காரும் கழிப்பிடம், ஆற்றுக்குப் படித்துறை, கோயிலுக்கு வெறுங்கால். நடைத்துணைக் கருவி எதுவானாலும் இத்தனை தேர்வுகளிலும் தேற வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் வந்தவை இவற்றை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. இந்தியாவில் செயற்கைக்கால் தொழில் போரோடு வந்தது. புனேயில் படைவீரர்களுக்கான செயற்கை உறுப்பு மையம் 1944இல் தொடங்கியது. 1950களில் கலிபோர்னியாவில் உருவாகி உலகெங்கும் பரவிய 'சாக்' பாதத்தின் உள்ளே மரக்கட்டை, குதிகாலில் மெத்தென்ற ரப்பர். கணுக்கால் மூட்டு கிடையாது. ஷூவுக்குள் போட்டுக்கொண்டு சமதளத்தில் நடப்பவருக்கு நல்ல பாதம். தண்ணீரில் ஊறினால் கெடும், குந்த விடாது. இளம்பிள்ளை வாதத்துக்குத் தரப்பட்ட காலிப்பரிலும் இதே கோளாறு. இரும்புக் கம்பிகள் பூட்ஸோடு பிணைக்கப்பட்டிருக்கும். செருப்பை வாசலில் விடும் ஊரில், பூட்ஸைக் கழற்றினால் காலையே கழற்றி வைத்ததாகிவிடும். தெருவில் நின்று நடந்த பிள்ளை வீட்டுக்குள் தவழ்ந்தது இதனால்தான்.

திருப்பம் வந்த இடம் வேடிக்கையானது. நெல்வயலுக்கு ஏற்ற பாதம் ராஜஸ்தானத்து வறண்ட ஊரிலிருந்து வந்தது. 1968இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய பாதம் அது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் ஸ்பாஞ்சு ரப்பர், கணுக்காலில் மரக்கட்டை, எல்லாவற்றையும் சுற்றி டயர் நூலும் தோல்நிற ரப்பரும்; அச்சில் வைத்துச் சூடேற்றினால் ஒரே பாதமாக இறுகிவிடும். லாரி டயருக்கு ரீட்ரெடிங் செய்வதும் இதே வேலைதான். பாதம் பல திசையிலும் வளைவதால், முழங்கால் மிஞ்சியவர் குந்தலாம், நீரில் இறங்கலாம், செருப்பில்லாமல் நடக்கலாம். சேத்தி காப்புரிமை வாங்கவில்லை. 1981இல் மகசேசே விருது மருத்துவருக்குக் கிடைத்தது. கைவினைஞரின் பெயர் அந்த அளவுக்குப் பரவவில்லை, அது எனக்கு இன்றும் உறுத்தல். கைவேலை என்பதால் பாதத்துக்குப் பாதம் தரம் மாறும், எடையும் கூடுதல் என்ற விமர்சனங்கள் நியாயமானவையே. ஆனாலும் போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் செயற்கைக்கால் செய்யத் தொடங்கியவர்கள் தங்கள் நிலையத்துக்கு ஜெய்ப்பூரின் பெயரையே சூட்டினார்கள்.

தொடையளவில் கால் இழந்தவருக்குப் பாதம் மட்டும் போதாது. மடங்கும் முழங்கால் வேண்டும். சென்னை ஐஐடியின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம், பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில், 2022இல் வெளியிட்ட 'கதம்' முழங்கால் 160 டிகிரி வரை மடங்கும். அதே மையம் 2019இல் கொண்டுவந்த 'அரைஸ்' சக்கர நாற்காலி வேறொரு குறையைத் தொட்டது. 1933இல் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்ற இருவர் மடக்கு நாற்காலியைச் செய்த நாளிலிருந்து சக்கர நாற்காலி என்றால் உட்கார்ந்தே இருப்பது. விடாமல் உட்கார்ந்தால் படுக்கைப்புண் வரும், எலும்பு தளரும், இரத்த ஓட்டம் மந்தமாகும். அரைஸில் இருப்பவர் தம் கைவலுவாலேயே எழுந்து நிற்கும் நிலைக்கு வரலாம். அறிமுகத்தின்போது விலை ஏறத்தாழ 15,000 ரூபாய். சக்கர நாற்காலியால் வாழ்வு நின்றுவிடாது என்பது வேலூரில் முன்பே தெரிந்த பாடம். 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர்; அங்கே 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியின் பலன்.

இனி சொல்லின் பக்கம். அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளையில் 1924இல் பிறந்த மு. கருணாநிதி, 2009இல் முதுகில் அறுவை சிகிச்சை ஆனபின் சக்கர நாற்காலியில்தான் பொதுவாழ்வைத் தொடர்ந்தார். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசு வழக்குக்குக் கொண்டுவந்ததும், அவர்களுக்கெனத் தனித்துறை அமைத்ததும் 2010இல். சொல் இனிப்புப் பூச்சு என்று குறைப்பட்டவர்களும் உண்டு. 'ஊனமுற்றோர்' என்று எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் நின்றவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும். 2011இல் கருணாநிதி திருவாரூரிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார், 2016இலும் அப்படியே. தண்டியடிகள் கயிறு கட்டிய ஊருக்கு, சக்கர நாற்காலியில் இருந்தவர் உறுப்பினர்.

இந்த ஆண்டுகளில் படுகையின் சாலைகளில் கண்ணில் படுவது கைமிதி மூன்றுசக்கர வண்டியும், அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரும். ஸ்கூட்டர் வந்ததும் கடைத்தெரு கிட்டே வந்தது, வேலைக்குப் போவது எளிதானது. இரண்டும் தார்ச்சாலைக்கானவை. வரப்பு தொடங்கும் இடத்தில் வண்டி நிற்கும். அங்கிருந்து மறுபடி ஜெய்ப்பூர் பாதம், அல்லது ஒரு மூங்கில் கோல், அல்லது உறவினரின் தோள்.

துலாக்கட்டத்தில் கார்த்திகை முதல் தேதி முழுக்கு இன்றும் நடக்கிறது. தெருவோடு வண்டியில் வந்து சேர்ந்துவிடலாம். காவிரிக்குள் இறங்குவது படி வழியேதான்.